பெரிய தொரை என்று நான் சொன்னது

காலைச் செபம் முடிந்ததும் அடுப்படியில் அரசாங்க ரேடியோவைப் போட்டுவிடுவேன். நேயர்கள் போன் பண்ணிக் குறை சொல்லும் நிகழ்ச்சி ஒன்று அதில் வரும். எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில் வரிசை அறைகளாக இருக்கும் எங்கள் லயத்துக்கு மூன்று வாரமாகத் தண்ணீர் வராதபோது நானும் பேசினேன். அறிவிப்பாளர் பெண் அன்பாக விசாரித்தாள்.

"பெரிய தொரை வந்து பைப்பைத் தொறந்து காட்டிட்டுப் போனாரு. அன்னைக்கு மட்டுந்தான் தண்ணி வந்துச்சு" என்றேன்.

தோட்டத்து மேனேஜரை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். கொழும்பில் இருக்கிறவர்களுக்கு அது தெரியவில்லை. அதே வாரம் நாவுலப் பக்கம் ஒரு அமைச்சர் தண்ணீர்த் திட்டம் திறந்து வைத்திருந்தாராம். அவரைத்தான் சொன்னேன் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் அந்த அறிவிப்பாளர் பெண்ணே எனக்குப் போன் எடுத்தாள். அமைச்சரை நக்கல் பண்ண ஆள் பிடித்துப் பேச வைத்தாள் என்று மேலிடத்தில் அவளை விசாரிக்கிறார்களாம்.

"அக்கா, நீங்க யாரைச் சொன்னீங்கன்னு உங்க கையால எழுதி அனுப்புங்க. இல்லாட்டி என்னை வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

மேனேஜர் என்று எழுதினால், தோட்டத்துப் பேக்டரியில் வேலை செய்கிற என் வீட்டுக்காரரின் கதி என்ன? வேலை போனால் லயத்து அறையும் போகும். எழுதாவிட்டால் அந்தப் பெண் போவாள். அவள் முகத்தைக்கூட நான் கண்டதில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ரேடியோக்காரி ஆயிட்ட. இனி நம்ம வீட்டுச் செய்திய மேனேஜரே வாசிப்பாரு" என்றார். சிரிக்கவில்லை. பிறகு மகளின் பள்ளிக்கூடக் கொப்பியில் ஒரு தாள் கிழித்து அவரே தந்தார்.

நான் எட்டாம் வகுப்பு வரைதான். "பெரிய தொரை என்று நான் சொன்னது எங்கள் தோட்ட மேனேஜரை. அமைச்சரை இல்லை. தண்ணீர் இன்னும் வரவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போனில் படம் பிடித்து அனுப்பினேன். அரசாங்க ரேடியோ என்றால் நம்முடைய ரேடியோ என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். அரசாங்கமும் காது வைத்துக் கேட்கும் என்பது என் புத்தியில் படவில்லை.

மறுநாள் ரேடியோவில் அந்தக் குரலே வந்தது. மாதாவே என்று நெஞ்சில் கை வைத்தேன். இனி நேயர்கள் நேரடியாகப் பேச முடியாது, கடிதம் எழுதலாம், அனுமதி கிடைத்தவை மட்டும் வாசிக்கப்படும் என்றாள். யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிப்பது கேட்டாலே தெரிந்தது.

அந்த வாரம் வீட்டுக்காரருக்குப் பின்னேர வேலை; காலையில் வீட்டில்தான் இருந்தார். நிகழ்ச்சி முடிவதற்குள் தோட்ட ஆபீசில் இருந்து ஆள் வந்து, அவரை மேனேஜர் உடனே கூப்பிடுவதாகச் சொன்னார். கொழும்பில் இருந்து போன் வந்ததாம்.

வீட்டுக்காரர் சட்டையை மாட்டினார். முந்தானையில் செபமாலையை முடிந்துகொண்டு நானும் இறங்கினேன்.

"நீ எதுக்கு?" என்றார்.

"பேசினது நாந்தானே."

அவர் வீட்டுக் கதவைச் சாத்தினார். நான் அவருக்கு முன்னால் நடந்தேன்.