ஆறாம் நம்பர் பீக்கர் காலி

1. சட்டைக்கு அழுதவன்

இந்த வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே நான் ஒரு கூட்டச் சாவை அறிவித்தவன். அதை முதலில் சொல்லிவிட்டால் மீதியைத் தைரியமாகச் சொல்லலாம்.

திருப்பதிக்கு வெளியே, ரேணிகுண்டா போகிற பக்கம் எங்கள் டெஸ்டிங் லேப். பூச்சிமருந்து, சாயம், சோப்புத்தூள் என்று ஏதாவது கெமிக்கல் வரும். அது ஏரி குளத்தில் கலந்தால் அங்கே இருக்கிற சின்ன உயிர்களுக்கு நாள்பட என்ன ஆகும் என்று பார்த்துச் சொல்வது என் செக்‌ஷன். சின்ன உயிர் என்றால் டாஃப்னியா. இறால் ஜாதி. கடுகுக்குக் கையும் காலும் முளைத்த மாதிரி இருக்கும். கண்ணாடி உடம்பு, ஒற்றைக் கண். தத்தித் தத்தி நீந்தும்.

அன்று காலை பார்க்கிறேன், பீக்கர்களின் அடியில் வெள்ளையாக, அசையாமல் உடம்புகள். கன்ட்ரோலில்கூட. கன்ட்ரோல் என்றால் கெமிக்கல் ஒரு துளிகூடப் போடாத தண்ணீர். சுஜாதா மேடத்திடம் ஓடினேன். மேடம்தான் ஸ்டடி டைரக்டர். சித்தூர்க்காரர், வீட்டில் தெலுங்கு, எங்களிடம் இரண்டும் கலந்து.

"மேடம், எல்லாம் செத்துப்போச்சு மேடம்! கன்ட்ரோலும் போச்சு!"

மேடம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"முருகேசன் காரு, இது சொக்கா. வளரும்போது கழட்டிப் போடும். ஆளு மேல நீந்திக்கிட்டு இருக்கு, பாருங்க. நீங்க சட்டைக்கு அழுறீங்க."

நகரியில் பவர்லூம் ஓட்டுகிற குடும்பத்தில் பிறந்தவனுக்குத் துணி எது, உடம்பு எது என்று தெரியவில்லை. ஒரு மாதம் லேபில் என் பெயர் சொக்கா.

2. ஆளுக்கொரு பீக்கர்

ஒரு கெமிக்கல் கொல்கிறதா என்று பார்க்க இரண்டு நாள் போதும். கொல்லாமல் என்ன செய்கிறது என்று பார்க்க மூன்று வாரம் வேண்டும். பிறந்த ஒரு நாளுக்குள் ஒவ்வொரு டாஃப்னியாவையும் தனித்தனி பீக்கரில் விடுவோம். எல்லாம் பெண். ஆண் துணை இல்லாமலே குட்டி போடும். குட்டிகளை எண்ணி உடனே அப்புறப்படுத்திவிடுவோம். தாய் மறுபடி தனி. கெமிக்கல் கலந்த சில பீக்கர்களில் தாய் நன்றாக நீந்தும், சாப்பிடும், பளபளவென்று இருக்கும். குட்டி மட்டும் வராது. அந்த மாதிரி விஷத்தைக் கண்டுபிடிக்கத்தான் எங்களுக்குச் சம்பளம்.

இதில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. கன்ட்ரோலில் பத்துத் தாய். அதில் இரண்டு வரை சாகலாம். மூன்றாவது போனால் ஸ்டடி மொத்தமும் குப்பை. முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஸ்டடி ஓடும்போது எனக்கும் அதே குடித்தனம்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ரூம். மனைவி செல்வியும் மகளும் நகரியில். தினமும் பாசித் தண்ணீர் ஊட்ட வேண்டும் என்பதால் ஞாயிறு, பண்டிகை எதுவும் கிடையாது. வேலை நாளில் பிரச்சினை இல்லை. நான் ஜோக் அடிப்பேன், நாலு பேர் சிரிப்பார்கள், ஒருவர் திட்டுவார். லீவு நாளில் ஏசி சத்தமும் நானும்தான். அப்போது டாஃப்னியாவுக்கு ஜோக் சொல்ல ஆரம்பித்தேன். நல்ல ஜோக், மட்டமான ஜோக் எதற்கும் ஒரே மாதிரி குதிக்கிற ஆடியன்ஸ். இதைவிட ஆபத்தான பாராட்டு கிடையாது.

3. பொங்கல் டியூட்டி

ஒரு ஸ்டடியில், கன்ட்ரோலில் ஏற்கெனவே இரண்டு தாய்கள் போய்விட்டன. எட்டு பாக்கி. இன்னும் ஒரு வாரம் ஓட்ட வேண்டும். பொங்கல் வந்தது.

"குடும்பத்தோட மலைக்குப் போறோம் முருகேசன் காரு. தரிசனத்துக்குப் போனை டெபாசிட்ல வெச்சிடுவோம். நீங்க ஒருத்தர் இருந்தா சாலு, போதும். எனக்குப் பயம் லேது" என்றார் மேடம். அவர் பயம் முழுவதையும் என்னிடம் டெபாசிட் செய்துவிட்டுப் போனார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

பொங்கலன்று தண்ணீர் மாற்றுகிற நாள். தாயை அகல வாய் டிராப்பரால் உறிஞ்சி, புதுத் தண்ணீர் ஊற்றிய பீக்கரில் விட வேண்டும். பழைய பீக்கரில் இருக்கிற குட்டிகளை எண்ண வேண்டும். ஆறாம் நம்பரை உறிஞ்சியபோது, என் மாமனார் முதன்முதலாக ஏசி பஸ்ஸில் ஏறி ஜன்னலைத் திறக்கப் போராடிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கதை முடிவதற்குள் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்து, ஏழையும் எட்டையும் மாற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஆறாம் நம்பரின் புதுப் பீக்கர் காலி.

பழைய பீக்கரைப் பார்த்தேன். குட்டிகள் இருந்தன, தாய் இல்லை. டிராப்பரைப் பார்த்தேன். மேசை, கையுறை, சட்டைப் பை. மீசையைக்கூடத் தடவிப் பார்த்தேன். பயந்துபோனவனின் உடம்பில் டாஃப்னியா எங்கே வேண்டுமானாலும் குடியேறும்.

தொலைந்துவிட்டது என்று எழுதலாம். செத்ததை மறைக்கிறாயா என்று ஆடிட்டில் கேட்டால் என்ன சொல்வது? மூன்றாவது சாவு என்று முடிவானால் ஸ்டடி போச்சு. மறுபடியும் மூன்று வாரம். மேடம் பெயரும் சேர்ந்து போகும்.

வெளியே வந்து மேடத்துக்கு அடித்தேன். சுவிட்ச் ஆஃப். வேறு யாரிடம் சொல்வது என்று தெரியாமல் வீட்டுக்கு அடித்தேன். பின்னணியில் குக்கர், டிவி, என் மகள், அவள் சித்தி, எல்லாச் சத்தமும் கேட்டது.

"இன்னாங்க, துன்னீங்களா?" என்றாள் செல்வி.

"ஒண்ணு காணோம் செல்வி."

"இன்னா காணோம்? பர்ஸா?"

"டாஃப்னியா. ஆறாம் நம்பரு."

குக்கரை அணைத்துவிட்டு வந்தாள்.

"நல்ல நாளும் அதுவுமா பூச்சியக் காணோம்னு போன் பண்றீங்களே, எங்களக் காணோம்னு என்னிக்காவது தேடினீங்களா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். போனை வைத்தபிறகு நான் மட்டும் கொஞ்சம் சிரித்துப் பார்த்தேன். சரியாக வரவில்லை.

கேட்டில் வாட்ச்மேன் ரெட்டப்பா உட்கார்ந்திருந்தான்.

"ஏம்ணா, மூஞ்சி இப்டி ஆயிப்போச்சு?"

விஷயத்தைச் சொன்னேன். அவன் பல்லில் சிக்கிய கரும்புச் சக்கையைத் துப்பினான்.

"இதுக்கா? உள்ள ஜாடில அவ்ளோ நீஞ்சிக்கினு கீது. ஒண்ண எடுத்து வுட்டுடு. அது இன்னா ஆதார் கார்டு வெச்சிக்கினா கீது?"

விளையாட்டுக்குச் சொன்னான். ஆனால் சொன்னது சரி. ஸ்பேர் ஜாடியில் இருப்பவை அதே நாளில் பிறந்தவை, அதே பரம்பரை. அப்பன் இல்லாமல் பிறந்ததால் எல்லாம் ஒன்றுக்கொன்று அச்சு. எந்த விஞ்ஞானியாலும் கண்டுபிடிக்க முடியாது. மேடம் மலையில். என்னைப் பார்க்க ஆளில்லை.

4. இரண்டு பேர்

உள்ளே போய் ஸ்பேர் ஜாடியிலிருந்து ஒன்றை உறிஞ்சினேன். ஆறாம் பீக்கருக்கு மேலே கொண்டுவந்தேன். என் கையை நானே பார்க்கப் பிடிக்காமல் பக்கத்தில் பார்த்தேன்.

ஏழாம் பீக்கரில் இரண்டு பேர் நீந்திக்கொண்டிருந்தார்கள்.

மாமனார் ஜன்னலோடு போராடிய நேரத்தில் ஆறை ஏழுக்கான பீக்கரில் விட்டிருக்கிறேன். பிறகு ஏழையும் அங்கேயே விட்டிருக்கிறேன். ஸ்பேரை ஜாடிக்கே திருப்பி அனுப்பினேன். ஒரு நிமிடம் நடனம் ஆடினேன். லேபில் கேமரா உண்டு, யார் பார்த்தார்களோ தெரியாது. அடுத்த நிமிடம் அடுத்த பயம் வந்தது. இதில் யார் ஆறு, யார் ஏழு?

அதற்கு வழி இருந்தது. ஆறின் பழைய பீக்கரில் குட்டிகள் இருந்தன. அதாவது அவள் காலையிலேயே போட்டுவிட்டாள். ஏழின் பழைய பீக்கரில் குட்டி இல்லை, அவள் இன்னும் போடவில்லை. அவள் முதுகுப் பையில் குட்டிகள் கறுப்புக் கண்ணோடு தயாராக நிற்கும். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் முடிந்தது வேலை.

உடனே செய்திருக்க வேண்டும். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பிறந்த அன்று பிரித்ததிலிருந்து இவர்கள் தங்கள் வயதில் இன்னொன்றைப் பார்த்ததில்லை. ஒன்று மேலே போனது, ஒன்று கீழே வந்தது, நடுவில் ஒன்றையொன்று உரசியும் உரசாமலும் கடந்தன. பக்கத்தில் ஆள் இருப்பது அவற்றுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. ஜோக் எதுவும் ஞாபகம் வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்பதைப் பிறகு கடிகாரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

திடீரென்று ஒன்றின் பின்னாலிருந்து புள்ளி புள்ளியாகக் குட்டிகள் வர ஆரம்பித்தன.

போட்டு முடித்தால் இரண்டு பையும் காலி. யார் யாரென்று கடவுளுக்கும் தெரியாது, அவரும் அன்று மேலே பிஸி. கண் எரிந்தது, சிமிட்டவில்லை. போட்டுக்கொண்டிருப்பவள் ஏழு. மற்றவள் ஆறு. டிராப்பரை இறக்கினேன், தப்பினாள். மறுபடி இறக்கினேன். உறிஞ்சி, ஆறாம் பீக்கரில் விட்டு, நம்பரை வாய்விட்டுக் கத்திச் சொன்னேன். திரும்பினால் ஏழில் குட்டிகள் இன்னும் வந்துகொண்டிருந்தன. சரியாகத்தான் பிரித்திருக்கிறேன். அப்புறம்தான் சட்டை முதுகோடு ஒட்டியிருப்பது தெரிந்தது.

5. மேடம் இறங்கி வந்தார்

மறுநாள் மேடம் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, கையில் லட்டோடு வந்தார். வேறு நாளாக இருந்தால் ஜோக் ரெடியாக இருந்திருக்கும். நடந்ததை எழுதி வைத்திருந்தேன், ஸ்பேரை உறிஞ்சியது உட்பட. நின்றுகொண்டே படித்தார்.

"கலந்தது தெரிஞ்சிடுச்சு. உடனே பிரிக்கலாம் கதா? நடுவுல அரை மணி நேரம் இருக்கே. எந்துக்கு?"

"பாத்துக்கினு இருந்தேன் மேடம்."

"ஏன்?"

வேடிக்கையாக ஒரு பதிலைத் தேடினேன். கடைசியில் உள்ளதையே சொன்னேன்.

"ரெண்டு பேரா இருந்துச்சுங்க. பாக்க நல்லா இருந்துச்சு."

மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார். முந்தானையால் தலையை ஒற்றிக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"லட்டு எடுத்துக்கோங்க" என்றார்.

ஸ்டடி தப்பியது. அடுத்த மாதம் எங்கள் வேலை விதிமுறையில் ஒரு வரி ஏறியது: லீவு நாளில் தண்ணீர் மாற்ற இரண்டு பேர் வர வேண்டும், ஒருவர் எடுக்க, ஒருவர் நம்பரைச் சொல்லிச் சரிபார்க்க. காரணம் என்ற இடத்தில், மாறிப்போவதைத் தவிர்க்க என்று போட்டிருந்தது. வேறெதுவும் போடவில்லை.

இப்போது பண்டிகை நாளில் காளஹஸ்திப் பையன் வெங்கடேசு என்னோடு வருகிறான். தமிழ் தெரியாது. என் ஜோக் எதற்கும் சிரிப்பதில்லை. நான் டிராப்பரைத் தூக்கினால் தெலுங்கில் நம்பர் சொல்வான், நான் தமிழில் திருப்பிச் சொல்வேன். மத்தியானம் அவன் டிபன் கேரியரைத் திறந்து, கேட்காமல் பாதியை என் பக்கம் தள்ளுவான்.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. "நீ ஒருத்தன் இருந்தால் போதும்" என்று மேலே இருப்பவர் சொன்னால் என்னை மாதிரி பூரித்துப் போகாதீர்கள். கூட ஒரு ஆள் வேண்டும் என்று கேளுங்கள். எனக்குக் கேட்க வாய் வரவில்லை. நான் எழுதிக் கொடுத்த அரை மணி நேரத்தைப் படித்தே புரிந்துகொள்ள எனக்கு ஒரு மேடம் இருந்தார். எல்லா லேபிலும் இருக்க மாட்டார்.