ஹரப்பாக்காரர்களின் மூடியும் நான் திறந்த மூடியும்

ஆறாம் வகுப்புக்குச் சிந்துவெளி நாகரிகம் நடத்தும்போது எனக்குக் கொஞ்சம் திமிர் வந்துவிடும். சுட்ட செங்கல் சாக்கடை, வீட்டுக்கு வீடு இணைப்பு, சுத்தம் செய்யத் திறந்து மூடுகிற மாதிரி மேலே கல் மூடி. நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் அவர்களுக்கு இருந்த அறிவு நம்ம ஆட்களுக்கு இல்லையே என்று வருஷா வருஷம் பிள்ளைகளிடம் புலம்புவேன்.

அன்றைக்கும் அம்பத்தூர் பள்ளியில் அதே பாடம்தான். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆவடி சேக்காட்டில் எங்கள் தெருவில் காலையிலேயே முழங்கால் தண்ணீர். மழை வந்தால் பாதாளச் சாக்கடை மூடியைத் திறந்து தண்ணீரை இறக்கிவிடுவது எங்கள் தெரு வழக்கம். திறந்தவர் அங்கேயே நின்று, வடிந்ததும் மூட வேண்டும். நான் நிற்கவில்லை. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாயிற்று. கடப்பாரையால் நெம்பி, மூடியை எதிர்வீட்டுச் சுவரோரம் தள்ளிவிட்டு, ஓட்டையின் மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்துச் சிவப்புத் துணி கட்டினேன். சாயங்காலம் மூடிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன்.

வகுப்பில் கடைசி பெஞ்சுப் பெண் எழுந்தாள். "மிஸ், மழை வந்தா அவங்களும் மூடிய தொறந்து விட்ருவாங்களா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குக் காலையில் கவிழ்த்துவிட்டு வந்த நாற்காலி ஞாபகம் வந்தது. பிளாஸ்டிக் நாற்காலி மிதக்குமே! இது ஏன் காலையில் என் மரமண்டைக்கு எட்டவில்லை? மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு மழைக்காக அன்று மதியத்தோடு லீவு. வேன் தெருமுனையில் இறக்கிவிடும். மிச்ச தூரம் அவள் நடந்துதான் வர வேண்டும்.

வேன் டிரைவருக்குப் போன் போட்டேன். "எறக்கி உட்டு பத்து நிமிசம் ஆவுது மேடம்" என்றார். பக்கத்து வீட்டில் யாரும் போனை எடுக்கவில்லை. சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடினேன். ஆட்டோவில் ஒரு மணி நேரம். தெரிந்த சாமி பெயரை எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். என் நெஞ்சளவுகூட இல்லாத அவள் உயரம் திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தது.

தெருவில் எல்லாம் ஒரே கலங்கல் தண்ணீர். நாற்காலியைக் காணோம். நடுத்தெருவில் தண்ணீர் கேன் போடுகிறவர் இடத்தை விட்டு நகராமல், காலால் எதையோ துழாவிக்கொண்டு நின்றிருந்தார். எதிர்வீட்டுத் திட்டின் மேல், நனைந்த பையோடு என் மகள் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

"மேடம், அங்கியே நில்லுங்க. இங்க மூடி தொறந்து கீது" என்றார் அவர். "என் காலு தொடை வரிக்கும் உள்ள பூட்ச்சி. பாப்பா எனக்குப் பின்னாடியேதான் வந்துகினு இருந்திச்சி."

தொடையில் நீளமாகச் சிராய்த்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"எவன் தொறந்தான்னு தெரில. மூடிய எங்க கடாசினானோ, ஒரு மணி நேரமா காலால தேடிகினு கீறேன். வுட்டுட்டுப் போவவும் மனசு வர்ல."

பேசாமல் மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். உண்மையைச் சொல்வதற்கென்ன, நினைத்தேன்தான். ஆனால் மூடி கிடக்கும் இடம் இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

தண்ணீருக்குள் இறங்கி, நேராகச் சுவரோரம் போய், காலை வைத்தேன். ஒரே வைப்பில் இரும்பு தட்டுப்பட்டது.

"இங்க இருக்குண்ணா" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு என் பக்கம் வந்து, மூடியைத் தூக்கக் குனிந்தார்.