ஈயம் பிடித்த பிஸ்டல்

துப்பாக்கி சுடுவதையும் பாடசாலைகளில் விளையாட்டாகச் சேர்க்கப் போகிறார்கள், பொறுப்பாக ஓர் ஆசிரியர் முதலில் பழகிக்கொள்ள வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொல்லியிருந்தார்கள். எங்கள் பாடசாலையில் ஆண் ஆசிரியர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த வாரம் பார்த்து ஒருவருக்குப் பிரஷர் ஏறியது, ஒருவருக்கு முதுகு பிடித்தது. நாள் முழுக்க மைதானத்தில் விசில் ஊதும் உடற்பயிற்சி மாஸ்டருக்குச் சத்தம் ஒத்துக்கொள்ளாதாம். கடைசியில் பாடசாலை அதிபர் என்னைக் கூப்பிட்டார்.

"மிஸ், நீங்க சயன்ஸ் படிச்சுக் குடுக்கிறீங்க. துப்பாக்கியும் சயன்ஸ்தானே?"

அப்படித்தான் நான் நுவரெலியாவில் இருக்கும் அந்தச் சுடும் கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கழகம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, எதிரே மலையைச் செதுக்கி எழுப்பிய மண்மேடு, மேட்டுக்கு மேலே தேயிலை. பனிமூட்டம் இறங்கினால் இலக்குத் தாள் மறைந்துவிடும். அது விலகும்வரை அங்கத்தவர்கள் தேநீர் குடித்துக்கொண்டு, தாங்கள் முன்பு சுட்டதைப் பற்றிப் பேசுவார்கள். பேச்சில் ஒருவருக்கும் குறி தப்பியதில்லை.

செயலாளர் ஓய்வு பெற்ற தோட்ட மனேஜர். மனேஜரை எங்கள் பக்கம் துரை என்போம். வேலையை விட்டாலும் அந்தப் பெயர் அவர்களை விடாது. அவருக்குத் தமிழ் தெரியும். ஆனால் அது பெரட்டுக் களத்தில் படித்த தமிழ். விடியற்காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் இடத்தில் பேச்சு எப்படி இருக்கும்? வா, போ, எடு, வை, சும்மா நிக்காதே. மரியாதைக்கு நாங்கள் சேர்க்கும் 'ங்க' அவருடைய தமிழில் முளைக்கவே இல்லை. நான் பட்டதாரி ஆசிரியை என்று அறிமுகம் செய்துகொண்டதும், "நல்லது. உள்ளே வா. அதில குந்து" என்றார். உண்மையிலேயே அன்பாகத்தான் சொன்னார்.

கழகத்துக்குச் சொந்தமாக ஒரு பாயின்ட் டூ டூ பிஸ்டல் இருந்தது. சொந்தத் துப்பாக்கி இல்லாதவர்கள் அதைத்தான் எடுக்க வேண்டும். சொந்தத் துப்பாக்கி இல்லாதவள் நான் ஒருத்திதான். துரை பாடம் எடுத்தார்.

"மூச்சு பிடி. பார். சுடு."

பிடித்தேன், பார்த்தேன், சுட்டேன். பாதி ரவைகள் தாளிலேயே படவில்லை. பட்டவையும் ஒன்றுக்கொன்று பகையாளிகள் போலத் தள்ளித் தள்ளி இருந்தன. அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. அதற்கடுத்த சனிக்கிழமை துரை நோயைக் கண்டுபிடித்தார்.

"ஒன் கை ஆடுது. ஒங்க ஆளுங்க கொழுந்து எடுத்து எடுத்து, கை சும்மா நிக்காது. அது ரத்தத்தில இருக்கு."

நான் என் வாழ்நாளில் ஒரு கொழுந்து கிள்ளியதில்லை. கிள்ளியது அம்மா, உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அவர் கை ஆடியிருந்தால் கூடையில் முற்றல் இலை விழுந்திருக்கும். மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா அரைப்பேர் போட்டு அரைநாள் சம்பளத்தை வெட்டியிருப்பார். இந்த மலையில் ஆடாத கை என்று ஒன்று இருந்தால் அது கொழுந்து எடுக்கிற கைதான். இதையெல்லாம் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். "சரிங்க சேர்" என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்கு வந்து சட்டியில் கோபத்தைக் காட்டினேன்.

என் கணவர் தபால் கந்தோரில் வேலை செய்பவர், அமைதியான மனிதர். "மேட்டுக்கு மேல தேயிலைக்குள்ள யாராச்சும் நிக்கப் போறாங்கம்மா. பாத்துச் சுடு. கேஸு கோர்ட்டுன்னு நமக்கு எதுக்கு?" என்றார். அவருக்கும் என் கையில்தான் சந்தேகம்.

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தேநீரை நிறுத்திப் பார்த்தேன். கண்ணாடியை மாற்றினேன். பிறகு ஒருநாள், பனிமூட்டத்தில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தபோது, நான் சுட்ட தாளை வெளிச்சத்துக்குப் பிடித்தேன். ஓட்டைகள் வட்டமாக இல்லை. பூசணி விதை மாதிரி நீளமாக இருந்தன. ரவை மூக்கால் குத்தாமல், புரண்டுபோய்ப் பக்கவாட்டில் அறைந்திருக்கிறது.

தாளைத் துரையிடம் கொண்டுபோனேன். "சேர், என் கை ஆடினா ஓட்டை இடம் மாறும். வடிவம் எப்பிடி மாறும்?"

"நீ நிறைய கேள்வி கேக்குது. அதுதான் கவனம் இல்லை."

"இந்தப் பிஸ்டலைக் கடைசியா எப்ப சுத்தம் பண்ணினாங்க?"

பூசை நடுவில் யாருடைய போனோ அடித்தது போல எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். துரை பொறுமையாக விளக்கினார். பாயின்ட் டூ டூவைச் சுத்தம் பண்ணக் கூடாது. பண்ணினால் குழல் கெட்டுவிடும். இதை அவருக்குச் சொன்னவர் அவருக்கு முந்திய பெரிய துரை. அவருக்குச் சொன்னவர் ஒரு வெள்ளைக்காரர். அந்த வெள்ளைக்காரர் கப்பலேறும்போது ஒரு பங்களாவையும் ஒரு நாயையும் இந்தக் கொள்கையையும் விட்டுப் போயிருக்கிறார். பங்களா ஒழுகுகிறது, நாய் எப்போதோ செத்துவிட்டது, கொள்கைக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை.

கழகத்தில் ஒரு பல் டொக்டரும் இருந்தார். ஆளைவிட அவருடைய பிஸ்டலுக்கு விலை அதிகம். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன டோர்ச் இருக்கும். பிஸ்டலில் ரவை இல்லை என்பதை நான் இரண்டு தரம் பார்த்துவிட்டு, குழலைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அடேயப்பா! கல்லு கட்டியிருக்கு மிஸ்! இப்பிடி ஒரு வாயை நான் பொகவந்தலாவை ஆஸ்பத்திரியில கூடப் பாத்ததில்ல."

நானும் பார்த்தேன். நல்ல குழலுக்குள் முறுக்கிக்கொண்டு ஓடும் வரிகள் பளிச்சென்று தெரிய வேண்டும். அந்த வரிகள்தான் ரவையைச் சுழற்றி நேராக அனுப்புகின்றன. இதிலோ ரவை நுழையும் பக்கத்தில் வரியே இல்லை. சாம்பல் நிறத்தில் ஈயம் அப்பிக் கிடந்தது, ரொட்டிக் கல்லில் தீய்ந்த மா மாதிரி. வருடக்கணக்காக ஒவ்வொரு ரவையும் போகிற போக்கில் கொஞ்சம் ஈயத்தைத் தேய்த்துவிட்டுப் போயிருக்கிறது.

"அப்ப நீங்களே சுத்தம் பண்ணித் தாங்களேன் டொக்டர்" என்றேன்.

"நான் பாக்கிறதோட சரி மிஸ். க்ளீனிங் எல்லாம் ஆஸ்பத்திரியில நர்ஸ்தான்."

சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். துரையும் என்னைப் பார்த்தார். கொட்டகையில் நான் ஒருத்திதான் பெண் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது போலிருந்தது.

"நீ செய். ஒன் கைக்கு நல்லா வரும்" என்றார் துரை. ஆடுகிற கை ஒரே நிமிடத்தில் குணமாகிவிட்டது.

எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் அந்த ஈயத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசை எரிச்சலைவிடப் பெரிதாக இருந்தது. பிஸ்டலை வெளியே கொண்டுபோக முடியாது, சட்டம் விடாது. எல்லாம் கொட்டகையிலேயே நடக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். டொக்டர் ஒரு யோசனை சொன்னார்: வாய் கொப்பளிக்கிற பெரொக்சைட்டோடு வினாகிரி கலந்து ஊற்றினால் ஈயம் கரைந்து ஓடிவிடும். கரையும்தான். கரைந்து வருவது நல்ல விஷம், குழலின் நிறத்தையும் அது தின்னும். வேண்டாம் என்றேன்.

வேண்டியது செம்பு. பாத்திரம் தேய்க்கிற செம்புச் சுருள், இரும்பில் செம்பு முலாம் பூசியது அல்ல. இரும்பு என்றால் வரிகளைக் கீறிவிடும். பாடசாலை ஆய்வுகூடத்துக் காந்தத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸாருக்குப் போனேன். கடைக்காரர் எடுத்துப் போட்ட சுருள் ஒவ்வொன்றும் காந்தத்தில் டப்பென்று ஒட்டியது.

"என்னங்க மிஸ், சட்டி கழுவத்தானே?"

"பிஸ்டல் கழுவ."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. உடனே உள்ளே போய், தூசி பிடித்த பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துவந்தார். அது ஒட்டவில்லை.

சனிக்கிழமை கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் எண்ணெய் விட்டு ஊற வைத்தேன். பிறகு தேய்ந்த பித்தளைத் தூரிகையில் செம்பு இழைகளைச் சுற்றி, கம்பியில் பூட்டி, ரவை நுழைகிற பக்கத்திலிருந்து தள்ளினேன். அசையவே இல்லை. இன்னும் எண்ணெய், இன்னும் கொஞ்சம் தள்ளு. திடீரென்று 'கர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டது, தூரிகை மறுபக்கம் வந்துவிட்டது. வெள்ளைத் துணியில் கறுப்புச் சேறு. சேற்றுக்குள் மீன் செதில் மாதிரி மினுங்கும் ஈயத் துண்டுகள். சொல்லக் கூடாது, அருவருப்பும் சந்தோசமும் சேர்ந்து வந்தது. துரை நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு மேற்பார்வை பார்த்தார்.

"அங்க தேய். இன்னும் தேய். சும்மா நிக்காதே."

அன்றைக்கு முடியவில்லை. எண்ணெய் ஊற வைத்துப் பூட்டிவிட்டு, அடுத்த சனிக்கிழமை மறுபடி தேய்த்தேன். அதற்கடுத்த சனிக்கிழமைதான் துணி வெள்ளையாக வந்தது. டோர்ச் அடித்துப் பார்த்தால் வரிகள் முறுக்கிக்கொண்டு ஒளிர்ந்தன.

சுட்டேன். ஓட்டைகள் எல்லாம் அச்சில் வார்த்த வட்டங்கள், எல்லாம் ஒரே இடத்தில். அந்த இடம் நடுப்புள்ளி இல்லை. இடது பக்கம் கீழே. அவசரப்பட்டு விசையை இழுக்கிறேன் என்று அர்த்தம். அது பிஸ்டலின் பிழை இல்லை, என்னுடையது. கொஞ்சம் மானம் போனாலும், இத்தனை நாளில் எனக்கென்று சொந்தமாக ஒரு பிழை கிடைத்த நிம்மதி இருந்தது.

துரை தாளைப் பார்த்துத் தலையாட்டினார். "பாத்தியா? மூச்சு பிடிக்கச் சொன்னேன். இப்ப வருது."

அதோடு விட்டிருக்கலாம். பட்டு விரித்த பெட்டியைத் திறந்து தன் பிஸ்டலை எடுத்து என் முன்னால் வைத்தார். டொக்டரும் தன்னுடையதைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"இதையும் செய். முடிஞ்சதும் உள்ளே வை."

நான் கையுறையைக் கழற்றினேன். "சேர், நான் இங்க சுடப் பழகத்தான் வந்தேன். வேலைக்கு ஆள் வேணும்னா சம்பளம் சொல்லுங்க, வெளிய யாரையாவது பாத்து அனுப்புறேன்."

டொக்டர் தன் பிஸ்டலை ஓசையில்லாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார். துரைக்கு முகம் சிவந்தது. "எனக்குச் செய்யத் தெரியாதா?" என்று தூரிகையைப் பிடுங்கினார்.

"முழுக்கத் தள்ளி வெளிய எடுத்த பிறகுதான் திருப்பி இழுக்கணுங்க சேர். நடுவுல நிப்பாட்டி இழுத்தீங்கன்னா மாட்டிக்கும்."

"நான் எத்தனை தோட்டம் ஓட்டினது தெரியுமா?"

தோட்டம் ஓட்டியவர் பாதி வரை தள்ளினார். இறுகியது. திருப்பி இழுத்தார். மாட்டிக்கொண்டது. முழு பலத்தையும் போட்டதில் கம்பி மட்டும் கையோடு வந்தது, தூரிகை உள்ளேயே தங்கிவிட்டது. பிறகு ஒரு சுத்தியலும் கேட்டார். நல்லவேளையாக யாரும் கொடுக்கவில்லை. அவருடைய பிஸ்டல் முறைப்படி அனுமதி எடுத்துக் கொழும்புக்கு வைத்தியத்துக்குப் போனது. கழகங்களுக்கு இடையே நடக்கும் போட்டி நாள் வந்தும் அது திரும்பவில்லை.

போட்டி மலையிறங்கிக் கீழ்நாட்டில். என் பெயரும் இருந்தது, அவர் பெயரும் இருந்தது, இருவருக்கும் கழகத்துப் பிஸ்டல் ஒன்றுதான். முந்தின நாள் அவரே போன் எடுத்தார். "அந்தப் பிஸ்டல்... நானும் எடுக்கிறது. உனக்கு பரவாயில்லையா?" அவர் என்னிடம் பதிலை எதிர்பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அது. பரவாயில்லை என்றேன்.

முதல் சுற்றில் அவர் சுட்டார், இரண்டாவதில் நான். மூன்று பக்கமும் சுவரெழுப்பிக் கூரை போட்ட இடம்; வெளியே ஒரு தென்னோலைகூட அசையவில்லை. முடிவு வந்தபோது கடைசிக்கு முந்தின இடம் எனக்கு, கடைசி இடம் அவருக்கு. இரண்டு பேருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். அதைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வேனில் ஏறினோம்.

திரும்பும் வழியில் கித்துள்கலையில் தேநீருக்கு இறங்கியபோது, துரை ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இன்னைக்கு காத்து ரொம்ப மோசம்."

"ஆமாங்க சேர், சரியான காத்து" என்றார் டொக்டர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கடைசிக்கு முந்தி வந்தவள் கடைசியாக வந்தவரைப் பார்த்துச் சிரிப்பது அழகில்லை என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். அடுத்த ஊர் கினிகத்தேனை வரைக்கும்தான் அடக்க முடிந்தது.