பில்டரில் இருந்த கரிசல் மண்

என் வீட்டுக்காரர் இறந்த மறுமாதம், வாஷிங் மெஷினில் தண்ணீர் வடியாமல் நின்றுவிட்டது. மெக்கானிக்கைக் கூப்பிட என் வீம்பு விடவில்லை. சென்னையிலிருக்கும் மகள் போனில், "எம்மா, மொதல்ல ஒயரை உருவிரு. தண்ணிய வடிச்சுட்டு, கீழ இருக்க பில்டரைத் திருகி எடு" என்றாள்.

"எனக்குத் தெரியும்ட்டி. படிப்புதான் கொறவு, கை நல்லாத்தான் இருக்கு."

பில்டர் முழுக்கக் கரிசல் மண் களியாக அப்பியிருந்தது. புஞ்சையிலிருந்து வந்ததும் வேட்டியை அப்படியே மெஷினில் போட்டுவிடுவார். "உதறிட்டுப் போடுங்கன்னு எத்தன தடவ சொல்லுதேன்?" என்று கத்துவேன். "பெறகு மெஷினு எதுக்குட்டி?" என்று சிரிப்பார்.

"மண்ணக் கழுவி ஊத்திட்டு மாட்டும்மா" என்றாள் மகள். எனக்கு மனசு வரவில்லை. வெகுநேரம் அதைக் கையிலேயே வைத்திருந்துவிட்டுத்தான் கழுவினேன்.

மெஷின் இப்போது நன்றாக ஓடுகிறது. என் சேலைகளில்தான் துவைக்க அழுக்கே இல்லை.