மால்டாவுக்குக் கொண்டுபோன ராகு காலம்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், ஒடாஹுஹுவில் டெய்ரி என்கிற தெருமுனைக் கடை ஒன்றோடு தொடங்கி, இன்றைக்கு மூன்று கடைக்கு முதலாளி. அதனால் ஐரோப்பாவில் இருக்கும் மால்டாத் தீவுப் பயணத்துக்கு ஃபிளைட், ஹோட்டல் எல்லாவற்றையும் என் போனில் நானே பதிந்தேன். கிளென்ஃபீல்டில் இருக்கும் மகள் தான் செய்து தருவதாகச் சொன்னாள். தேவையில்லை என்றேன்.

பயணத்துக்குக் காரணம் மனைவியின் கண். இரண்டு கண்ணிலும் பார்வை நடுவிலிருந்து மங்கிக்கொண்டு வருகிறது. நிறுத்த முடியாது, மெதுவாக்கலாம் என்றார் டாக்டர். பல வருடம் முன்பு கடையில் பத்திரிகை அடுக்கும்போது ஒரு அட்டையில் அந்தத் தீவைப் பார்த்துவிட்டு, "ஒருக்காப் போவமே" என்று கேட்டவள் அவள். ஒரு நாளும் கடை பூட்டாதவன் என்று பெயர் எடுத்த நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

மால்டாவில் நிலத்துக்கடியில் பாறையைக் குடைந்து செய்த அறைகள் இருக்கின்றன. ஐயாயிரம் வருடப் பழசு. ஒரு நாளைக்குக் கொஞ்சப் பேரைத்தான், குறித்த நேரத்துக்கு, உள்ளே விடுவார்கள். மூன்று மாதம் முன்பே இரண்டு இடம் பிடித்தேன்: செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு மணி. எங்கள் கோயிலுக்கு வரும் பட்டதாரிகள் ஒருவருக்கும் கிடைக்காத டிக்கெட் என்று போகுமுன்பே எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

அன்று மூன்று மணிக்கு ஹோட்டலில் சப்பாத்துப் போடும்போது, கோயில் நாட்காட்டியில் கிழித்துக் கொண்டுபோன ஜூன் மாதத் தாளைப் பார்த்தேன். ராகு காலம் இரண்டே முக்காலிலிருந்து நான்கு வரை.

"இப்ப வெளிக்கிடக் கூடாது" என்றேன்.

"நாலு மணிக்கல்லோ உள்ள விடுறது?"

"அரை மணித்தியாலம் பிந்தினால் என்ன? எங்கட ஆக்களின்ர எந்தக் கலியாணம் சொன்ன நேரத்துக்குத் தொடங்கினது?"

"அவங்கள் எங்கட ஆக்கள் இல்லையப்பா" என்று சொல்லிவிட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள்.

போய்ச் சேர்ந்தபோது நான்கு நாற்பது. எங்கள் குழு உள்ளே போய்விட்டது, இனிப் பல வாரங்களுக்கு இடமில்லை என்று வாசலில் நின்ற பெண் தன்மையாகச் சொன்னாள். நியூசிலாந்திலிருந்து வருகிறோம், எனக்கு மூன்று கடை இருக்கிறது என்றெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். கதவு திறக்கவில்லை. மனைவி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

இருட்டுமுன் மகள் போன் எடுத்தாள். ஆக்லாந்தில் அப்போது விடிகாலை. நடந்ததைச் சொன்னேன். "அப்பா, தட் காலண்டர் இஸ் ஃபார் ஆக்லண்ட்" என்றாள்.

ராகு காலம் சூரிய உதயத்தையும் பகலின் நீளத்தையும் வைத்துக் கணிப்பது. எங்களுக்கு அங்கே குளிர்காலம், பகல் குறுகியது; இங்கே கோடை, பகல் நீண்டது. அவளே கணக்குப் போட்டுச் சொன்னாள்: மால்டாவில் அன்று ராகு காலம் தொடங்கியதே நான்கு நாற்பதுக்கு. நல்ல நேரம் முழுவதும் அறையில் இருந்துவிட்டு, ராகு காலம் பிறக்கும்போது சரியாக வாசலில் போய் நின்றிருக்கிறேன்.

மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"உமக்குக் காட்டத்தானே இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தனான்" என்றேன்.

"நிலத்துக்குக் கீழ, அரை இருட்டு. எனக்கு அதுக்குள்ள என்ன தெரியப்போகுது? நீங்கள் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சியள். அதுதான் பேசாமல் இருந்தனான்."

"அப்ப நீர் என்ன பாக்க ஆசைப்பட்டனீர்?"

"அந்த அட்டையில இருந்த வள்ளங்கள்."

அத்தனை வருடத்தில் அந்த அட்டையில் என்ன இருந்ததென்று நான் கேட்டதேயில்லை.

மறுநாள் காலை மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனோம். நீலம், மஞ்சள், சிவப்பு அடித்த வள்ளங்கள் வெயிலில் ஆடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் முகப்பிலும் இரண்டு கண் வரைந்திருந்தது. நேரே பார்த்தால் அவளுக்குத் தெரியாது. தலையைப் பக்கவாட்டில் திருப்பி, கண்ணோரத்தால் பார்த்தபடி, ஒரு வள்ளம் விடாமல் கரை நெடுக நடந்தாள். நான் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு போனேன்.

"இதுகளுக்கு நல்லாத் தெரியும் போல" என்றாள்.

கரை முடிந்ததும் திரும்பி, மறுபடியும் முதல் வள்ளத்திலிருந்து தொடங்கினாள். அன்றைக்கு ராகு காலம் எத்தனை மணிக்கென்று நான் பார்க்கவில்லை.