பருத்திக் கொல்லையில் மாமாவின் பரீட்சை

இப்போதும் மின்விசிறி நின்றால் நான் எண்ண ஆரம்பித்துவிடுகிறேன். அது மறுபடி சுற்றும்வரை எண்ணிக்கை நிற்காது. வயதாகிவிட்டது என்கிறார்கள் வீட்டில். வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஏழு வயதில் என் மாமாவின் விமானம் ஒட்டவைத்த பழக்கம் இது.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. திருச்சியில் சிறிய விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். வாலிகண்டபுரத்துக்குக் கிழக்கே, எங்கள் ஊர் வரைக்கும் அந்தப் பயிற்சி விமானம் வரும். கூட உட்கார்ந்திருக்கும் வாத்தியார் நடுவானில் திடீரென்று இன்ஜினை அடக்கிவிட்டு, "இன்ஜின் போச்சு, எங்க இறக்குவ?" என்பாராம். உடனே கீழே ஒரு நிலத்தைப் பார்த்து வைத்து, காற்றுக்கு எதிராகத் திரும்பி, சறுக்கிக்கொண்டே வரவேண்டும். பனைமர உயரத்துக்கு வந்து, நிச்சயம் இறங்கியிருக்க முடியும் என்று தெரிந்த பிறகுதான் இன்ஜினை முடுக்கி மேலே ஏறலாம். மாமா பார்த்து வைத்திருந்தது எங்கள் பருத்திக் கொல்லையை.

சத்தம் அடங்கியதும் நான் எண்ணத் தொடங்குவேன். அந்த வெள்ளை இறக்கைகள் துளி ஆட்டமில்லாமல் பெரிதாகிக்கொண்டே வரும். உயிரில்லாத ஒன்றை அவ்வளவு பதமாகக் கீழே கொண்டுவந்த கையை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. இருநூறை நெருங்கும்போது உறுமல் திரும்பும். அப்போதுதான் எனக்கு மூச்சு வரும்.

பரீட்சைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்கு வந்தார். இதில் தவறினால் உடையார்பாளையத்தில் தன் முந்திரிக் கடையில் வந்து உட்கார வேண்டும் என்று தாத்தா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"அக்கா, புதன்கிழமை காலையில பரீட்சை. இந்தப் பக்கம்தான் வருவோம். பருத்தி மாரு நின்னா சக்கரம் சிக்கும்பாங்க. கொல்லை வெறுமனே இருக்கணும்."

"அதுக்கென்ன, புடுங்கிடுறேன். எறங்குனதும் சாப்புட்டுத்தானே போவ?"

"எறங்க மாட்டேன்க்கா. எறங்குற மாதிரி வந்துட்டு மேல போயிடுவேன்."

"வூட்டு வாசல் வரைக்கும் வந்துட்டு ஒரு வாய் தண்ணி குடிக்காம போறதுக்குப் பேரு பரீட்சையா?"

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "தூக்குவாளிய மேல வீசிடு, பறந்துக்கிட்டே புடிச்சுக்குவான்" என்றார்.

காய் இன்னும் பாக்கி இருந்த செடிகளை அம்மா இரண்டே நாளில் பிடுங்க வைத்தாள். முள்வேலியை எடுத்தாள். வரப்பை வெட்டிச் சமப்படுத்தினாள். கொல்லை உள்ளங்கை மாதிரி கிடந்தது. தம்பி கேட்டபடி வெறுமனே. சொந்தக்காரர்கள் நின்றால் வெறுமை கெட்டுப்போகும் என்பது மட்டும் அவள் கணக்கில் இல்லை.

புதன்கிழமை ஓர் இலைகூட அசையவில்லை. விமானம் வந்தது. சத்தம் அடங்கியது. ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தேன். மாமா பனைமர வரிசைக்கு மேலே ஒரு வட்டம் திரும்பி, கொல்லைக்கு நேராக மூக்கை வைத்தார். கோடு போட்டதுபோல் இருந்தது. அந்த நேரத்தில் அம்மா ஆரத்தித் தட்டோடு கொல்லை நடுவுக்கு ஓடினாள். வானத்திலிருந்து வருகிறவனை வாசலிலேயே நிற்கவைத்து அனுப்ப அவளுக்கு மனமில்லை. அவள் பின்னாலேயே, வேடிக்கை பார்க்க வந்திருந்த சொந்தக்காரர்களோடு நாங்களும் ஓடினோம். பதினோரு பேர். எண்ணுவதை நான் விடவில்லை.

நூற்று நாற்பத்தெட்டில் உறுமல் கேட்டது. விமானம் எங்கள் தலைக்கு மேலே வெகு உயரத்தில் ஏறிப் போனது. கிட்டவே வரவில்லை. தட்டைப் பிடித்துக்கொண்டு அம்மா அப்படியே நின்றாள். நானோ துள்ளினேன்.

சாயங்காலம் பஸ்ஸில் வந்த மாமா, "போயிடுச்சுக்கா. காத்து சரியில்ல" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ஓடிப்போய், "மாமா, நூத்தி நாப்பத்தெட்டுலயே எழுந்துட்டீங்க! எப்பவும் எரநூறு ஆவும்!" என்றேன்.

மாமா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். "சத்தம் போட்டுச் சொல்லாத மாப்ள, மத்தவங்க பொறாமைப்படப் போறாங்க" என்று என் தலையைக் கலைத்துவிட்டார்.

ஒரு வருஷம் முந்திரிக் கடையில் உட்கார்ந்தார். அம்மாதான் தாத்தாவோடு சண்டை போட்டு அவரை மறுபடி திருச்சிக்கு அனுப்பினாள். இந்தமுறை எந்த நாள், எந்த நிலம் என்று மாமா வாய் திறக்கவில்லை. தேறிவிட்டார். முப்பது வருஷம் ஓட்டினார். "நம்ம கொல்லைய வேணான்னுட்டான்" என்று அம்மா கடைசிவரை குறைப்பட்டுக்கொண்டாள். அவரும் கடைசிவரை காற்றைத்தான் குற்றம் சொன்னார்.

பார்த்து வைத்த நிலத்தில் ஆள் தெரிந்தால், பரீட்சையே போனாலும், இறங்குவதை அந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும் என்பது அந்தப் பயிற்சியில் முதல் பாடமாம். அம்மாவும் மாமாவும் போன பிறகுதான் இது எனக்குத் தெரியவந்தது. அந்த வாரம் முழுக்க நான் நூற்று நாற்பத்தெட்டை மாமாவின் சாதனை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மிச்சம் ஐம்பத்திரண்டையும் நாங்கள் பதினோரு பேர் மறித்துக்கொண்டு நின்றிருந்தோம் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.