சித்தி வீட்டு லைனில் ஒரு சோதனை

நூற்றிருபது வீடுகளுக்கு இணையத்தைப் பங்குபிரித்துக் கொடுப்பது சித்தப்பாவின் தொழில். கம்பி கிடையாது. அலுவலக மொட்டைமாடிக் கம்பத்திலிருந்து ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் உள்ள ஆன்டெனாக் கிண்ணத்துக்கும் காற்றுவழியே போகும். வருவது ஒரே ஓடைதான். அதில் யாருக்கு எவ்வளவு என்பது அவர் திரையில் பச்சைப் பட்டைகளாக நீளும், சுருங்கும். யாராவது அளவு மீறி இழுத்தால் பட்டை சிவக்கும், கூடவே சித்தப்பாவின் மூக்குநுனியும்.

"பல் டாக்டரைப் பாரேன், காலங்காத்தாலயே படம் இறக்குறாரு. ஊரான் வீட்டு நெய்யே!"

அந்த அலுவலகத்தில் தொலைபேசி எடுப்பவன் நான். என் அறைக்கும் அதே ஓடைதான். வாடிக்கையாளர் பட்டியலில் பெயர் வைப்பவர் அவர். கிண்ணம் மாட்டப் போனபோது கடி வாங்கிய வீடு 'நாய் வீடு'. அவருடைய சொந்த வீடு 'சோதனை'. எந்தப் புது விதியையும் முதலில் அங்கேதான் போட்டுப் பார்ப்பார். கத்தியின் கூர்மையைத் தன் விரலிலேயே பார்க்கிற நேர்மை. விரல் சித்தியுடையது என்பது மட்டும் சின்ன வித்தியாசம்.

பன்னிரண்டு வருடம் வீட்டோடு இருந்துவிட்டுச் சித்தி ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர் புகார்களைக் கேட்கிற வேலை. செவ்வாய் காலை பதினொரு மணிக்கு வீடியோவில் நேர்காணல்.

"உனக்குப் புகார் சொல்லித்தானே பழக்கம்" என்றார் சித்தப்பா.

"வேகம் கூட்டித் தர வேணாம். இருக்கிறதைப் புடுங்காம இருங்க, போதும்."

"சரி சரி" என்றார், கண் திரையில்.

செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு அவருக்கு ஒரு புது விதி உதித்தது. பத்து நிமிடம் விடாமல் இழுக்கிறவர்களின் வேகம் தானாகவே குறைய வேண்டும். வழக்கம்போல 'சோதனை'யில் போட்டுவிட்டுக் காத்திருந்தார். பதினொன்று பத்துக்கு அந்தப் பட்டை கழுதை தேய்ந்து கட்டெறும்பானது.

"வேலை செய்யுதுடா!" என்று மேசையைத் தட்டினார்.

தொலைபேசி அடித்தது. எடுத்தேன். சித்தியின் குரல், தேன் தடவியதுபோல.

"வணக்கங்க. படம் நின்னுபோச்சு. நான் வாயத் தொறந்தபடியே நிக்கிறேன், மூணு பேர் பாத்துட்டிருக்காங்க. உங்க பக்கம் ஏதாவது மாத்தினீங்களான்னு பெரியவர்கிட்ட கேட்டுச் சொல்றீங்களா? நான் காத்திருக்கேன்."

பெரியவரிடம் சொன்னேன். முகம் வெளுத்தது. விதியைப் பிடுங்கி எறிந்தார். அத்தோடு நிற்கவில்லை, எந்த வாடிக்கையாளருக்கும் செய்யாததைச் செய்தார். ஓடையையே சித்தி பக்கம் திருப்பிவிட்டார். மற்ற பட்டைகளெல்லாம் வாடின. மறுபடி தொலைபேசி. பல் டாக்டர். சித்தப்பா என் கையிலிருந்து வாங்கினார். மேகமூட்டம் என்று சொல்லிவிடுவார் என நினைத்தேன். அவருக்குப் பொய் வரவில்லை.

"டாக்டர், என் பொண்டாட்டி பேசிட்டிருக்கா. அரை மணி நேரம் பொறுத்துக்குங்க."

"ஐயய்யோ, நடுவுல குறுக்கிடாதீங்க. எங்க வீட்லயும் அப்படித்தான்" என்று டாக்டர் வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை வேலை கிடைத்துவிட்டது. படம்தான் உறைந்ததாம், குரல் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. 'அந்த லைன்காரர்கிட்டக்கூட கோபப்படாம பேசுனீங்களே' என்று நேர்காணல்காரர்கள் பாராட்டினார்களாம். லைன்காரர் யாரென்று சித்தி சொல்லவில்லை.

அன்று மாலை அலுவலகத்துக்கே வந்து நின்றாள்.

"இனிமே நானும் ஒரு வாடிக்கையாளர். அந்தப் பேரை எடுங்க."

சித்தப்பா அடங்கி ஒடுங்கி அழித்தார். "அப்ப புது விதியை எங்கதான் போட்டுப் பாக்குறது?"

சித்தி என்னைப் பார்த்தாள்.

"இவனுக்கென்ன? நெட்ல படிக்கிறது நாலு வரிக் கவிதை. அது மெதுவா வந்தாத்தான் நல்லாருக்கும்."

அவர் ஏற்கெனவே என் பெயரை அழித்து 'சோதனை' என்று தட்டச்சு செய்யத் தொடங்கியிருந்தார்.